வீதிக் கமரா: காவலனா, உண்டியலா?

(ஓட்டமாவடியில் விவசாயிகளும் ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வயல்வேலையையும் அலுவலக வேலையையும் முடித்துக்கொண்டு, இளைப்பாற வேண்டிய வேளையில் நீங்கள் இங்கே வந்து கூடியிருக்கின்றீர்கள். ஆகவே முகவுரையை நீட்டாமல், எடுத்துக்கொண்ட பொருளுக்கே வருகின்றோம்.

அண்மைக்காலமாக ஒரு பேச்சு நம் நாட்டில் அடிபடுகின்றது. வீதிகளில் கமராக்களைப் பொருத்திவிட்டால் சாரதிகள் ஒழுங்குக்கு வருவர். அத்துடன் தண்டப்பணத்தால் நகரசபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் வருமானமும் பெருகும் என்பதே அந்தப் பேச்சு. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்று இதனைச் சிலர் மெச்சுகின்றனர். கமரா வேண்டும் என்பதே நமது கட்சியும். ஆயினும் அந்த இரண்டாவது மாங்காயைப் பற்றி நமக்குப் பலத்த ஐயமுண்டு. அதை ஏன் என்று எடுத்துரைப்பதற்கே இன்று உங்கள் முன் நிற்கின்றோம்.

நம் ஊரும் நம் வீதியும்

பொலன்னறுவையிலிருந்து வரும் பெருவீதியும் திருகோணமலையிலிருந்து வரும் பெருவீதியும் நாவலடியில் ஒன்றுகூடி, நம் ஓட்டமாவடியின் நடுவே புகுந்து, பாலத்தைக் கடந்து, வாழைச்சேனை வழியாக மட்டக்களப்பு நோக்கி ஓடுகின்றன. தலைநகருக்குச் செல்லும் இரவு பஸ் வண்டிகளுக்கும், நெல்லும் மீனும் ஏற்றிய லொறிகளுக்கும் இதுவே வழி. பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும் இதுவே வழி. சந்தைக்குப் போகும் தாய்க்கும், வயலுக்குப் போகும் இருசில்லு உழவு இயந்திரத்துக்கும், மீன்பெட்டி கட்டிய சைக்கிளுக்கும் இதனை விட்டால் வேறு வழி கிடையாது.

இங்கே வெள்ளைத் தலையுடன் அமர்ந்திருக்கும் பெரியோர்கள் பழைய இரும்புப் பாலத்தை மறந்திருக்க மாட்டார்கள். புகைவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் அந்த ஒரே பாலந்தான். புகைவண்டி வரும்பொழுது மற்றெல்லா வண்டிகளும் ஒதுங்கிக் காத்து நின்ற காலம் அது. அந்தப் பாலம் யாவருக்கும் பொறுமையைக் கற்பித்தது. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் புதிய பாலம் வந்தது. காபட் இட்ட வீதியும் வந்தது. வேண்டிய வளர்ச்சியே, அதனைக் குறைகூற மாட்டோம். ஆனால் வீதி வழுவழுப்பானதும் வேகம் வந்து புகுந்துகொண்டது. வீதியை அகலமாக்கியவர்கள், அதனைக் குறுக்கே கடப்பவரின் காலை வேகமாக்க முடியுமா?

இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் மாண்டுபோவோர் தொகை இரண்டாயிரத்துக்கு மேல். 2023ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி, கதுருவெலவிலிருந்து நம் கிழக்குக் கரையை நோக்கிப் புறப்பட்ட பஸ் வண்டியொன்று மன்னம்பிட்டியில் பாலத்தில் மோதி ஆற்றினுள் வீழ்ந்ததை நாம் மறக்க முடியுமா? பத்துப் பேருக்கு மேற்பட்ட உயிர்கள் அங்கே அவிந்தன. அந்த வண்டி நம் பக்கம் வந்துசேர வேண்டிய வண்டி. அதன் வரவை எதிர்பார்த்து இந்தக் கரையில் எத்தனை வீடுகளில் விளக்கெரிந்திருக்கும்!

இருபத்தொரு விநாடி

கமரா என்ன செய்கின்றது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். சிலவகைக் கமராக்கள், செல்லும் வண்டியின் வேகத்தை அதே கணத்தில் அளந்து, வரம்பு மீறியிருப்பின் இலக்கத் தகட்டைப் படம் பிடிக்கின்றன. வேறு சில, சிவப்பு விளக்கைக் கடந்தோடும் வண்டியைப் பிடிக்கின்றன. இன்னொரு வகையுண்டு. ஒரு கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு கமராக்கள் நிற்கும். முதலாவது கமராவை வண்டி கடந்த நேரத்தையும், இரண்டாவதைக் கடந்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே அவற்றின் வேலை. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவனுக்கு அந்தத் தூரத்தைக் கடக்க 72 விநாடி செல்லும். 51 விநாடியில் ஒருவன் வந்து சேர்ந்தால் அவன் 70 கிலோமீற்றர் வேகத்தில் வந்திருக்கின்றான் என்பது கணக்கு. கமராவைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, தாண்டியதும் பறக்கும் தந்திரம் இங்கே பலிக்காது.

இந்தக் கணக்கை நாம் விரித்துச் சொன்னதற்கு ஒரு காரணமுண்டு. 72இலிருந்து 51ஐக் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருபத்தொரு விநாடி! நம் ஊருக்குள் ஒரு கிலோமீற்றர் தூரத்தை 70 வேகத்தில் பறந்து கடக்கும் சாரதிக்குக் கிடைக்கும் இலாபம் இந்த இருபத்தொரு விநாடியே. அதற்கு அவன் வைக்கும் பந்தயம் என்ன? வேகம் 50இலிருந்து 70ஆக உயரும்பொழுது மோதலின் வலு ஏறக்குறைய இருமடங்காகின்றது. ஆபத்தைக் கண்ட சாரதி கால்மிதியை அழுத்துவதற்கு ஒரு விநாடி எடுப்பானாயின், அந்த ஒரு விநாடிக்குள் வண்டி 19 மீற்றர் ஓடிவிடும். குழந்தை நிற்பது 15 மீற்றருக்கு அப்பால் என்றால் என்ன செய்வது? வெற்றிலை மடிப்பதற்குக்கூடப் போதாத இருபத்தொரு விநாடிக்காக ஒரு குழந்தையைப் பணயம் வைக்கலாமா என்று ஒவ்வொரு சாரதியையும் கேட்கின்றோம்.

வெயிலிலும் மழையிலும் இருபத்துநான்கு மணி நேரமும் பொலிசார் சந்தியில் நிற்க முடியாது. கமராவால் முடியும். அது உறவு பார்ப்பதில்லை, பதவி பார்ப்பதில்லை, கையூட்டு வாங்குவதில்லை. ஆதலாற்றான் கமரா வேண்டும் என்கின்றோம்.

கொழும்பில் 2024ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி முதல் கமராக் காட்சிகளைக் கொண்டு வீதிக் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைப் பொலிசார் தொடங்கினர். தண்டப்பணத்தைக் கைப்பேசி மூலமாகவே செலுத்தும் முறை 2025ஆம் ஆண்டில் பரீட்சார்த்தமாக வந்தது. கொழும்பில் தொடங்கியது நாளை மட்டக்களப்புக்கும், அடுத்த நாள் நமது சந்திக்கும் வரும். வருமுன் நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

பிற நாடுகள் கற்பிக்கும் பாடம்

இந்த வேகக் கமராவைப் பரப்பிய பெருமை ஒல்லாந்து நாட்டு மோட்டார்ப் பந்தய வீரர் மவுரிட்ஸ் கட்சோனிடெஸ் என்பவரைச் சாரும். 1953ஆம் ஆண்டு மொண்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர் அவர். வளைவுகளில் இன்னும் வேகமாக ஓட்டுவதற்குத் தமது வேகத்தைத் தாமே அளந்து பார்க்க ஒரு கருவி செய்தார். வேகத்தைக் கூட்டப் பிறந்த கருவி, பின்னர் உலகெங்கும் வேகத்தைக் குறைக்கும் கருவியாயிற்று. ஆகவே ஒரு கருவியின் குணம், அதனைக் கையாளுபவரின் நோக்கத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவின் சிக்காகோ நகரம் 2003ஆம் ஆண்டு முதல் சிவப்பு விளக்குக் கமராக்களை நிறுவியது. கோடானுகோடி டொலர் வந்து குவிந்தது. பிறகு நடந்தது என்ன? கமராக் கம்பெனியிடம் இலஞ்சம் வாங்கிய நகராட்சி அதிகாரி ஒருவர் 2016ஆம் ஆண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மஞ்சள் விளக்கு மூன்று விநாடியாவது எரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. 2014ஆம் ஆண்டில் ஆராய்ந்தபொழுது, மூன்று விநாடிக்கும் குறைவாக எரிந்த மஞ்சள் விளக்குகளுக்காக ஏறக்குறைய 77,000 தண்டச்சீட்டுகள் எழுதப்பட்டமை வெளியாயிற்று. விநாடியின் பத்திலொரு பங்கு குறைந்ததில் ஏறக்குறைய 77 இலட்சம் டொலர்! காவலுக்கு வைத்த வேலி பயிரை மேய்ந்த கதை இது.

அயலிலுள்ள கேரளத்தைப் பாருங்கள். அங்கே 726 கமராக்களை நிறுவி, 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் திகதி முதல் தண்டம் விதிக்கலாயினர். தலைக்கவசம் அணியும் பழக்கம் பரவத் தொடங்கியது, நல்லதுதான். ஆயினும் கமராக்களை வாங்கிய ஒப்பந்தம் பற்றிய குற்றச்சாட்டுகள் உயர்நீதிமன்றம் வரை சென்றன. கருவி நல்லதாயினும் கணக்குத் திறந்திராவிடின் மக்கள் நம்ப மாட்டார்கள் என்பது கேரளம் தரும் பாடம்.

பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டளவில் ஒரு முறையைக் கைக்கொண்டனர். கமராவால் வந்த தண்டப்பணத்திலிருந்தே கமராவின் செலவை அந்தந்தப் பகுதியினர் ஈடுசெய்துகொள்ளலாம் என்றனர். உயிர் காக்கவா, பணம் பறிக்கவா இந்தக் கமரா என்று மக்கள் முணுமுணுத்தனர். கமராவுக்கு மஞ்சள் வர்ணம் பூசி, தூரத்திலிருந்தே தெரியும்படி வைக்க வேண்டியதாயிற்று. 2007ஆம் ஆண்டில் அந்தப் பண ஏற்பாடும் கைவிடப்பட்டது. சுவீடன் நாட்டிலோ, கமராவுக்கு முன்னரே "இங்கே கமரா உண்டு" என்று பலகை நாட்டி அறிவிக்கின்றனர். தண்டப்பணம் அரசின் பொதுத் திறைசேரிக்கே போய்ச் சேருகின்றது. பிடிப்பது அவர்கள் நோக்கமன்று. வேகம் குறைந்தால் அவர்களுக்குப் போதும்.

பணம் எங்கே போகின்றது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. சிறு குற்றங்களுக்குப் பொலிசார் வீதியிலேயே சீட்டெழுதுவர். அதனை அஞ்சலகத்திற் செலுத்துவோம். பெருங்குற்றங்கள் நீதிமன்றம் செல்லும். நீதிமன்றம் விதிக்கும் தண்டப்பணமும் முத்திரைக் கட்டணமும் மாகாண சபையூடாக உள்ளூராட்சி மன்றங்களுக்கு வந்துசேருவது நம் நாட்டு வழக்கம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தமும் நீதிமன்றத் தண்டங்களை மாகாண வருமானமாகவே கணக்கிட்டது. ஆகவே தண்டப்பணத்துக்கும் பிரதேச சபையின் பெட்டிக்கும் உள்ள உறவு புதிய உறவன்று.

ஆனால் நமது கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சிற் கலைந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின்னரே மீண்டும் உயிர்பெற்றன. மக்களுக்குப் பதில்சொல்லும் பிரதிநிதி இல்லாத இடத்தில், மக்களிடமிருந்து பிரிக்கும் பணத்துக்கு யார் கணக்குக் காட்டுவது?

பிரதேச சபைகள் வறுமையில் வாடுவதை நாம் அறியாதவரல்லர். தெருவிளக்குப் போடப் பணமில்லை; குப்பை அள்ள வண்டியில்லை; வடிகால் வெட்ட வழியில்லை. அத்தகைய சபையிடம் "கமரா வைத்தால் பணம் வரும்" என்று சொல்வது, பசித்திருப்பவன் முன் சோற்றைக் காட்டுவது போன்றது. இங்கேதான் ஆபத்து இருக்கின்றது. ஒருமுறை வரவுசெலவுத் திட்டத்தில் "கமராத் தண்டம் இத்தனை இலட்சம்" என்று எழுதிவிட்டோமானால், அடுத்த ஆண்டு அந்தத் தொகை வந்தே ஆகவேண்டும். சாரதிகள் திருந்திவிட்டால் பணம் வராது. பணம் வராவிட்டால் வேலையாட்களுக்குச் சம்பளம் இராது. பிறகு சபை என்ன செய்யும்? குற்றம் குறையக் கூடாதே என்று உள்ளூர வேண்டிக்கொள்ளும். ஊர்மக்களின் பிழையில் வயிறு வளர்க்கும் ஆட்சி, அந்தப் பிழையைத் திருத்த ஒருநாளும் முன்வராது.

விவசாயிகளாகிய உங்களுக்கு இதனை உங்கள் தொழிலைக் கொண்டே சொல்லலாம். வயலுக்குக் காவல் வைப்பது மாடு வராதிருக்க. பிடித்த மாட்டுக்கு இத்தனை ரூபாய் என்று காவற்காரனுக்குக் கூலி பேசினால், அவன் வேலியைத் திறந்துவிட்டு மாட்டுக்காகக் காத்திருப்பானா, மாட்டானா?

யார் தலையில் விழுகின்றது?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். கமராவுக்குத் தெரிவது இலக்கத் தகடு, சாரதியின் முகமன்று. அறிவித்தல் போவது வண்டி யார் பெயரிற் பதிந்திருக்கின்றதோ அவர் வீட்டுக்கு. நம் பகுதியில் பெயர் மாற்றாமலே கைமாறிய மோட்டார் சைக்கிள்கள் எத்தனை! விற்றவன் வீட்டுக்கு ஓலை வரும். ஓட்டியவன் ஊரிற் சிரித்துக்கொண்டிருப்பான். குத்தகைக் கம்பெனிக்குப் பணம் கட்டி வாங்கிய முச்சக்கர வண்டியின் கதையும் சிக்கலானது.

தண்டத்தொகை யாவருக்கும் ஒன்றே. பல பஸ் வண்டிகளுக்குச் சொந்தக்காரருக்கு அது ஒருவேளைத் தேநீர்ச் செலவு. கூலிக்கு முச்சக்கர வண்டி ஓட்டுபவனுக்கு அது ஒரு கிழமை அடுப்பெரியாத செலவு. பின்லாந்து தேசத்தில் பெருவேகக் குற்றத்துக்குச் சாரதியின் வருமானத்தைப் பார்த்தே தண்டம் விதிக்கின்றனர். 2023ஆம் ஆண்டில் அங்கே செல்வந்தர் ஒருவர் ஒரேயொரு குற்றத்துக்காக 121,000 யூரோ செலுத்தினார். ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே அளவாக உறைக்க வேண்டும் என்பது அவர்கள் நீதி. நம் சட்டமியற்றுவோரும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மொழியும் ஒரு நீதியே. அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி. விளங்காத மொழியில் ஓலை வந்தால், பதினான்கு நாளில் கட்டவேண்டிய பணத்தை எதற்கென்று தெரியாமல் ஒருவன் வைத்திருந்து, இறுதியில் நீதிமன்றப் படியேறுவான். வயலில் ஒருநாட் கூலியை இழந்து, எழுத்தறிந்தவர் ஒருவரைத் தேடி அலைவான். தண்டத்திலும் பெரிய தண்டம் அதுவே. ஆகவே நம் பகுதியில் விடுக்கப்படும் ஒவ்வொரு அறிவித்தலும் தமிழில் இருத்தல் வேண்டும். தெற்கிலிருந்து வரும் சிங்களச் சாரதிக்குச் சிங்களத்தில் அறிவிப்பதும் அதே நீதியின்பாற்பட்டதே.

நமது கோரிக்கைகள்

சுருங்கக் கூறின் நாம் கேட்பவை இவை:

முதலாவது, கமரா நிற்கவேண்டிய இடத்தை விபத்துக் கணக்குத் தீர்மானிக்க வேண்டும். பாடசாலை வாசல், பாலத்தின் இரு தலைப்புகள், நாவலடிச் சந்தி ஆகிய இடங்களைக் கண்ணோடு பாருங்கள். ஆளரவமற்ற நேர்வீதியில் ஒளிந்திருந்து பிடிப்பது காவலன்று.

இரண்டாவது, கமராவுக்கு முன் வீதி செம்மைப்பட வேண்டும். வேக வரம்பைக் காட்டும் பலகையும், கடவைக்கு வெள்ளைக் கோடும், இரவுக்கு விளக்கும் இல்லாத இடத்தில் தண்டம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. கமரா உண்டென்ற அறிவித்தலும் முன்கூட்டியே நிற்கட்டும்.

மூன்றாவது, தண்டச்சீட்டின் எண்ணிக்கைக்கு ஏற்ப எந்தக் கம்பெனிக்கும் கூலி கொடுக்கலாகாது.

நான்காவது, வரும் பணம் தனிக் கணக்கிற் சேரட்டும். சம்பளத்துக்கோ விழாவுக்கோ அதனைத் தொடக்கூடாது. நடைபாதை, கடவை, தெருவிளக்கு, கட்டாக்காலி மாடுகளுக்கான பட்டி ஆகியவற்றுக்கே அது செலவாகட்டும். மாதந்தோறும் கணக்கைச் சபை வாசலில் ஒட்டட்டும்.

ஐந்தாவது, முதற் பிழைக்கு எச்சரிக்கையே போதும். தன்மீது பிழையில்லை என்பவன் அதனை வாழைச்சேனையிலேயே எடுத்துச்சொல்ல இடமிருக்க வேண்டும். ஒரு படத்துக்காக அவனைக் கொழும்புக்கு அலைக்கழிக்கக் கூடாது.

நம் கடமை

பிறரைக் கேட்பதோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. விளக்கில்லாத உழவு இயந்திரத்தை, பின்னால் இழுவைப் பெட்டியுடன் இருட்டில் வீதிக்கு ஏற்றுபவர் யார்? நாம் அல்லவா? பின்புறத்தில் ஒளிதெறிக்கும் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டுவதற்கு எவ்வளவு செல்லும்? பெரும்போக அறுவடை முடிந்ததும் பாதி வீதியை மறித்து நெல் காயப்போடுபவரும் நாமே. மாலையில் மாட்டை அவிழ்த்துவிட்டு, இரவில் அது வீதியிற் படுத்துக்கிடக்க, காலையில் "மோதிவிட்டானே!" என்று நட்டஈடு கேட்பவரும் நாமே. பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் பக்கத்திற்றானே போகின்றோம் என்று தலைக்கவசத்தை வீட்டில் மாட்டிவைப்பவரும் நாமே. மரணம் தூரம் அளந்து வருவதில்லை.

எத்தனை கமரா வைத்தாலும் இவற்றைத் திருத்த அவற்றால் இயலாது. 2025ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி கொத்மலையில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கமராவொன்று அங்கே நின்றிருந்தால், வண்டி வீழ்வதைப் படம் பிடித்திருக்கும், தாங்கிப் பிடித்திராது. களைத்த சாரதிக்கு ஓய்வும், பழுதுபட்ட வண்டிக்குத் திருத்தமும், அளவுக்கு மிஞ்சி ஆளேற்றாத மனச்சாட்சியும் மனிதராற்றான் வரவேண்டும்.

ஆகவே பெரியோர்களே, பிரதேச சபை உறுப்பினர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்பொழுது, "கமரா வருமா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாதீர்கள். "எங்கே நிற்கும்? பணம் எங்கே போகும்? ஓலை எந்த மொழியில் வரும்?" என்றும் கேளுங்கள். வாத்தியார்மார் பிள்ளைகளுக்கு அந்த இருபத்தொரு விநாடிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். விவசாயச் சங்கத்தார் அடுத்த அறுவடைக்கு முன் ஊரிலுள்ள இழுவைப் பெட்டிகள் அனைத்துக்கும் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டி முடியுங்கள். பெயர் மாறாத வண்டி வைத்திருப்போர் நாளைக்கே பெயரை மாற்றுங்கள்.

ஓட்டமாவடிப் பாலத்தடியில் ஒரு கமரா நிற்க, ஒரு மாதம் முழுவதும் அதன் கணக்கில் ஒரு சதமும் சேரவில்லை என்று சபை வாசலில் ஒட்டப்படும் நாள் ஒன்று வரவேண்டும். சபைப் பெட்டி வெறுமையாயிற்றே என்று அன்று யாரும் கவலைப்பட வேண்டாம். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். அந்த வருமானமே நமக்குப் போதும்.